நாம் வேலையில் இருப்பதாக மெர்கல் அம்மையார் நினைத்துக்கொண்டிருக்கிறார்

கேள்வி இது: 2008 பொருளாதாரச் சரிவில் அவ்வளவு அடிவாங்கியும் அயர்லாந்தில் கிரீஸ் மாதிரி தெருக்கள் பற்றி எரியவில்லையே, ஏன்? கிண்டலும் கெட்ட வார்த்தையுமாகச் சிரித்தே காலத்தை ஓட்டிவிட்டார்களா? அந்தச் சிரிப்பால் ஏதாவது மாறியதா?

மாறியது, ஆனால் எல்லார் விஷயத்திலும் இல்லை. மக்களின் மரியாதையை முதலாக வைத்துப் பிழைத்தவர்கள், அதாவது அரசியல்வாதிகளும் பாதிரியார்களும், கேலியில் அடிபட்டுப் போனார்கள். பணத்தை மட்டும் முதலாக வைத்திருந்தவர்களுக்கு அது உறைக்கவே இல்லை. இதைப் புரிந்துகொள்ளச் சரிவின் கதை கொஞ்சம் வேண்டும்.

1990களில் அயர்லாந்து வளர்ந்தது நிஜமான வளர்ச்சிதான். அமெரிக்க நிறுவனங்கள் வந்தன, வேலை வந்தது, ஏற்றுமதி வந்தது. 2000-க்குப் பிறகு வந்தது வேறு சமாச்சாரம். யூரோ வந்ததால் வட்டி மலிவு. வங்கிகள் வீடு கட்டுபவர்களுக்கு அள்ளிக் கொடுத்தன. 2006-ல் மட்டும் சுமார் 90,000 வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன, 42 லட்சம் பேர் இருந்த ஒரு நாட்டில்! கால்வே குதிரைப் பந்தயத்தில் ஆளுங்கட்சியான ஃபியனா ஃபால் ஆண்டுதோறும் ஒரு பெரிய கூடாரம் போடும். கட்டுமான முதலாளிகள் காசு கொடுத்து உள்ளே போய் அமைச்சர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கட்சி நிதி அங்கே திரளும். ஊருக்கே தெரிந்த விஷயம், யாரும் ஒளித்துச் செய்யவில்லை.

இந்த வீட்டு விலை நிற்காது, சரியும் என்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர் மார்கன் கெல்லி 2006 இறுதியிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் 2007 ஜூலையில் ஒரு தொழிற்சங்க மாநாட்டில் என்ன சொன்னார் தெரியுமா? ஓரமாக உட்கார்ந்து புலம்புகிறவர்கள் எல்லாம் ஏன் தற்கொலை செய்துகொள்ளாமல் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றார். அப்புறம் மன்னிப்பும் கேட்டார். ஆனால் அந்த வாக்கியம் அவரை விடவே இல்லை, இன்றைக்கும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2008 செப்டம்பர் 29 இரவு. வங்கிகளில் பணம் வற்றிக்கொண்டிருக்கிறது. பிரதமர் பிரையன் கவனும் நிதியமைச்சர் பிரையன் லெனிஹனும் வங்கிக்காரர்களோடு விடிய விடியப் பேசுகிறார்கள். தூங்கிக்கொண்டிருந்த அமைச்சர்களை எழுப்பித் தொலைபேசியிலேயே ஒப்புதல் வாங்குகிறார்கள். விடிந்தபோது ஆறு நிதி நிறுவனங்களின் கடன்கள், வைப்புகள் எல்லாவற்றுக்கும் அரசே ஜாமீன். மொத்தம் 44,000 கோடி யூரோ. உலகத்திலேயே மலிவான வங்கி மீட்பு இதுதான் என்று லெனிஹன் பெருமைப்பட்டார். கடைசியில் வங்கிகளைத் தூக்கி நிறுத்த அரசு கொட்டிய பணம் 6,400 கோடி யூரோ. கைக்குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு ஏறக்குறைய 14,000 யூரோ. இதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தொகை ஆங்கிலோ ஐரிஷ் என்ற ஒரே வங்கிக்குப் போனது. அது தெருமுனையில் ஏடிஎம் வைத்து மக்களுக்குச் சேவை செய்த வங்கியும் இல்லை, கட்டுமான முதலாளிகளுக்குக் கடன் கொடுத்த வங்கி.

இதற்கு மேல் சிரிப்புக் கதைகள்.

2009 மார்ச்சில் டப்ளின் தேசியக் கலைக்கூடத்தில், மற்ற பெரிய மனிதர்களின் ஓவியங்களுக்கு நடுவே, பிரதமர் கவனின் நிர்வாண ஓவியம் ஒன்று தொங்கியது. கையில் கழிப்பறைக் காகிதச் சுருள். இன்னொரு ஓவியக் கூடத்தில் அதே ஆள், கையில் உள்ளாடை. யாரோ நைஸாக உள்ளே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். வரைந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்று பிறகு தெரிந்தது. அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஇ இதை இரவுச் செய்தியில் காட்டியது. மறுநாளே பிரதமரிடம் மன்னிப்புக் கேட்டது. போலீஸ்காரர் ஒருவர் ஒரு தனியார் வானொலி நிலையத்துக்குப் போய், ஓவியர் அனுப்பிய மின்னஞ்சல்களைத் தரும்படி கேட்டார். நாட்டின் வங்கிகளைக் கவிழ்த்தவர்களில் ஒருவர் மேலும் அதுவரை ஒரு வழக்குகூடப் பதிவாகாத நேரம் அது. ஓவியத்தைவிட இந்த விசாரணைதான் பெரிய ஜோக்காகிவிட்டது.

அதே ஆண்டு டிசம்பரில், நலத்திட்ட உதவிகளை வெட்டும் மசோதா மீது நாடாளுமன்ற விவாதம். ஆளும் கூட்டணியில் இருந்த பசுமைக் கட்சியின் பால் கோகர்ட்டி, குறுக்கிட்ட எதிர்க்கட்சி உறுப்பினரைப் பார்த்து, "இது மிகவும் அவைக்கு ஒவ்வாத சொல்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த நாலெழுத்து ஆங்கில வசவை முழுதாக எடுத்துவிட்டார். அடுத்த நொடியே மன்னிப்பும் கேட்டார். பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், அவையில் சொல்லக்கூடாத வார்த்தைகளின் பட்டியலில் கோழை, எலி, கோமாளி எல்லாம் இருக்கின்றன. இந்த வார்த்தை இல்லை. நாடு முழுக்கச் சிரித்தது. உதவித்தொகை வெட்டு நிறைவேறிவிட்டது. எனக்கு அந்த நிகழ்ச்சியில் உறுத்துவது இதுதான்: வசவு எல்லாருக்கும் நினைவிருக்கிறது, மசோதா யாருக்கும் நினைவில்லை.

2010 செப்டம்பர் 29, ஜாமீன் இரவுக்குச் சரியாக இரண்டு வருடம். நாடாளுமன்றம் கூடும் நாள் காலையில் ஒருவர் கான்கிரீட் கலவை லாரியை ஓட்டிவந்து வாசல் கேட்டில் மோதி நிறுத்தினார். லாரியின் சுழலும் உருளையில் பெரிய எழுத்தில் ஆங்கிலோவின் பெயரும் 'நச்சு வங்கி' என்ற வசையும். கட்டுமானத்தால் கெட்ட ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர்தி கிடையாது.

இரண்டே மாதத்தில் ஐஎம்எஃப், அதாவது சர்வதேச நிதியம், வந்துவிட்டது. அதிலும் ஒரு கூத்து. கடன் கேட்கவே இல்லை, அதெல்லாம் கட்டுக்கதை என்று அமைச்சர்கள் சொல்லிக்கொண்டிருக்க, நவம்பர் 18 காலை மத்திய வங்கி ஆளுநர் பேட்ரிக் ஹோனஹன் தானே வானொலிக்குத் தொலைபேசியில் பேசி, ஆயிரக்கணக்கான கோடிகளில் கடன் வரப்போகிறது என்று போட்டுடைத்தார். அன்றே எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உலகம் சுற்றியது. ஐஎம்எஃப் குழுவின் தலைவரும் இந்திய வம்சாவளிப் பொருளாதார நிபுணருமான அஜய் சோப்ரா கோட்டு சூட்டோடு நடந்து போகிறார். நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் கையேந்தி உட்கார்ந்திருக்கிறார். கார்ட்டூன் போடுகிறவர்களுக்கு அன்றைக்கு வேலையே இல்லை. கடன் ஏற்பாடு 8,500 கோடி யூரோ. அதே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தின்படி ஏழைகளுக்கு இலவசப் பாலாடைக்கட்டி வழங்கப்படும் என்று விவசாய அமைச்சர் அறிவித்தார். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார், பாவம். அவரை வறுத்தெடுத்துவிட்டார்கள்.

நிலைமை எவ்வளவு மோசம் என்றால், வேலையின்மை ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தது ஏறக்குறைய 15-க்குப் போனது. 2010 கணக்கெடுப்பில் 2,800-க்கும் மேற்பட்ட குடியிருப்புத் திட்டங்கள் அரைகுறையாக நின்றன. தெருவிளக்கு இல்லாத, சாக்கடை இணைப்பு இல்லாத அந்த இடங்களைப் பேய்க் குடியிருப்புகள் என்றார்கள். குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 8.65 யூரோவிலிருந்து 7.65 ஆகக் குறைத்தார்கள். அடுத்த அரசு அதைத் திருப்பிக் கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த நேரத்தில்தான் லெனிஹன் தொலைக்காட்சியில், நாம் எல்லாருமே சேர்ந்துதான் கொண்டாடினோம் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். 2012 தொடக்கத்தில் டாவோஸ் போன புதுப் பிரதமர் என்டா கென்னி, மக்கள் கடன் வாங்குவதில் பைத்தியமாகிவிட்டார்கள் என்றார். கட்சிகள் வேறு, பாட்டு ஒன்று. இதற்கு முன்னோடியும் உண்டு. 1980 ஜனவரியில் பிரதமர் சார்லஸ் ஹாஹி தொலைக்காட்சியில் தோன்றி, நாம் சக்திக்கு மீறி வாழ்கிறோம் என்று நாட்டுக்கு உபதேசம் செய்தார். அந்த மனிதர் அப்போது ஒரே வங்கியில் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் வைத்திருந்தவர். பணக்கார நண்பர்கள் கொடுத்த காசில் வாழ்ந்துகொண்டு, பாரிஸில் சட்டை தைத்துப் போட்டவர். பல வருடம் கழித்து விசாரணை ஆணையங்கள் வைத்துத்தான் அதெல்லாம் வெளியே வந்தது. அதனால் 'எல்லாரும் கொண்டாடினோம்' என்று அமைச்சர் சொன்னதும் வயதானவர்களுக்குப் பழைய சட்டைதான் ஞாபகம் வந்திருக்கும்.

உண்மையில் யார் கொண்டாடினார்கள், யார் பில் கட்டினார்கள்? கட்டுமான முதலாளிகளின் 7,400 கோடி யூரோ வங்கிக் கடன்களை அரசு உருவாக்கிய நாமா என்ற அமைப்பு சுமார் 3,200 கோடிக்கு வாங்கிக்கொண்டது. அந்த இடைவெளியால் வங்கிகளில் விழுந்த ஓட்டையை அடைத்தது வரிப்பணம். ஆங்கிலோ செத்துப்போன பிறகும் அதன் முன்னுரிமைக் கடன் பத்திரங்கள் வைத்திருந்தவர்களுக்கு முழுத்தொகை கொடுக்கப்பட்டது. 2011 நவம்பர் தொடக்கத்தில் மட்டும் 70 கோடி யூரோவுக்கு மேல், அதுவும் உத்தரவாதமே இல்லாத பத்திரத்துக்கு. வாங்கியவர்கள் யார் என்று கேட்டால் பெயர் கிடையாது. ஐரோப்பிய மத்திய வங்கியின் நெருக்கடி என்றார்கள். வடக்கு கார்க்கில் பாலிஹே என்ற சின்னக் கிராமத்தில், 2011 மார்ச்சிலிருந்து வாராவாரம் ஞாயிறு பூசை முடிந்ததும் சிலர் பதாகை பிடித்து ஊருக்குள் நடந்தார்கள். பத்திரக்காரர்களுக்குக் கொடுக்காதே என்பதுதான் கோரிக்கை. வருடக்கணக்கில் நடந்தார்கள். ஒரு செண்ட்கூடக் குறையவில்லை.

இங்கேதான் கேலியின் எல்லை தெரிகிறது. கவனைக் கிண்டல் செய்யலாம்: முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, வானொலியில் மிமிக்ரி செய்ய ஏதுவாக ஒரு ஊர்ப்பேச்சும் இருக்கிறது. 2010-ல் ஒரு காலை வானொலிப் பேட்டியில் அவர் குரல் கரகரத்ததும், பாதி போதையா பாதி தலைவலியா என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் ட்விட்டரில் போட, அமெரிக்க இரவு நிகழ்ச்சி வரை அது போய்ச்சேர்ந்தது. அவர் மறுத்தார், பயனில்லை. 2011 பிப்ரவரித் தேர்தலில் ஃபியனா ஃபால் 70-க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து 20-க்கு விழுந்தது. பசுமைக் கட்சிக்கு இருந்த ஆறும் போச்சு. ஆனால் ஃபிராங்ஃபர்ட்டிலோ லண்டனிலோ உட்கார்ந்து பத்திரம் வைத்திருப்பவனுக்கு எந்த முகத்தை வரைவீர்கள்?

அதனால் கேலி சொந்தத் தலையிலேயே வந்து விழுந்தது. 2011 நவம்பரில், விற்பனை வரியை 23 சதவீதமாக உயர்த்தும் அயர்லாந்தின் பட்ஜெட் திட்டம், சொந்த நாடாளுமன்றத்துக்கு வரும் முன்பே ஜெர்மன் நாடாளுமன்றக் குழுவின் கையில் இருந்தது. அடுத்த ஜூனில் போலந்தில் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி. அயர்லாந்து ரசிகர்கள் பிடித்த கொடி ஒன்று உலகப் புகழ் பெற்றது. நான் தலைப்பில் வைத்திருப்பது அதில் எழுதியிருந்த வாசகத்தைத்தான்; மெர்கல் அப்போதைய ஜெர்மன் பிரதமர். மூன்று ஆட்டத்திலும் தோற்றார்கள், ஸ்பெயினிடம் நாலு கோல். தோற்கும்போதே பாடினார்கள். பெரிய பத்திரிகைகள் எல்லாம் 'என்ன உற்சாகமான மக்கள்' என்று எழுதின. சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரியான இந்தப் பாராட்டு எனக்குப் பிடிக்காது. அந்தக் கொடியில் கசப்பு இருக்கிறது: முதலாளி யாரென்று எங்களுக்குத் தெரியும் என்ற கசப்பு. சில நாட்கள் முன்னால்தான், 2012 மே 31 அன்று, அரசுச் செலவுக்குக் கடிவாளம் போடும் ஐரோப்பிய நிதி ஒப்பந்தத்துக்கு 60 சதவீதம் பேர் ஆம் என்று வாக்களித்திருந்தார்கள்.

கோபம் தெருவுக்கு வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோபப்பட வேண்டிய வயதுக்காரர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். 2012 ஏப்ரலோடு முடிந்த ஓராண்டில் சுமார் 87,000 பேர் நாட்டை விட்டுப் போனார்கள். ஆஸ்திரேலியா, கனடா, லண்டன். அதுவும் வாழ்க்கைமுறைத் தேர்வுதான் என்ற மாதிரி நிதியமைச்சர் மைக்கேல் நூனன் சொல்லப்போய் வாங்கிக்கட்டிக்கொண்டார். தங்கியவர்கள் வேறு விதமாகப் பேசினார்கள். வாட்டர்ஃபோர்டில் வேலை இழந்த ஒருவர் 2009-ல் ஆரம்பித்த வாட்டர்ஃபோர்ட் விஸ்பர்ஸ் நியூஸ் என்ற பொய்ச் செய்தித்தளத்தை மெய்ச் செய்தியைவிட அதிகம் பேர் பகிர்ந்தார்கள் என்றுகூட எனக்குத் தோன்றும். லிமரிக்கிலிருந்து ரப்பர்பேண்டிட்ஸ் என்று இரண்டு பேர், தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஐஎம்எஃப் வந்த சில வாரங்களில் வெளியான அவர்கள் பாட்டில், கார் வைத்திருக்கிற பையன்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு என் குதிரையில் ஏறு என்று ஒருவன் பெண்ணைக் கூப்பிடுவான். லிமரிக்கின் ஏழைக் குடியிருப்புகளில் நிஜமாகவே குதிரை வளர்ப்பார்கள். தவணையில் வாங்கிய காருக்கெல்லாம் மதிப்புப் போன டிசம்பர் அது. தென் டப்ளின் பணக்கார உச்சரிப்பில் அரசியல் நையாண்டி கேட்டுப் பழகிய நாட்டுக்கு, லிமரிக் உச்சரிப்பு ஒன்று மேலே ஏறி வந்ததே ஒரு செய்தி.

எல்லாக் கேலியும் மேல்நோக்கிப் போகவும் இல்லை. உதவித்தொகை வாங்குபவர்கள், வாடகை வீட்டுத் தாய்மார்கள் இவர்களைக் கிண்டல் செய்வது அங்கேயும் மலிவு. 2017 ஏப்ரலில் சமூகநலத்துறை அமைச்சர் லியோ வரட்கர், உதவித்தொகை மோசடிக்காரர்கள் நம் எல்லாரையும் ஏமாற்றுகிறார்கள் என்று பேருந்துகளில் விளம்பரம் போட்டார். அடுத்த மாதமே, ஆங்கிலோவின் முன்னாள் தலைவர் ஷான் ஃபிட்ஸ்பேட்ரிக் வழக்கில் நீதிபதி விடுதலைக்கு உத்தரவிட்டார். விசாரணை அதிகாரி ஒருவர் ஆவணங்களைத் துண்டு துண்டாகக் கிழித்திருந்தது அந்த வழக்கில் வெளிவந்தது. சில வங்கி அதிகாரிகள் சிறைக்குப் போனார்கள்தான். ஆங்கிலோவின் முன்னாள் தலைமை நிர்வாகி டேவிட் டிரம்முக்கு 2018-ல் ஆறு ஆண்டு கிடைத்தது. 2013-ல் வெளியான தொலைபேசிப் பதிவுகளும் உண்டு: அரசிடம் 700 கோடி கேட்டோமே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, பின்பக்கத்திலிருந்து உருவியது என்று ஓர் அதிகாரி சிரிக்கிறார். மேலே இருந்தவர்களுக்கும் அதே நகைச்சுவை உணர்வுதான் இருந்திருக்கிறது!

கேலி ஜெயித்த இடம் தேவாலயம். அதற்கு முதல் காரணம் கேலி இல்லை, 2009-ல் வந்த இரண்டு விசாரணை அறிக்கைகள். மே மாத ரயன் அறிக்கை திருச்சபை நடத்திய விடுதிகளில் குழந்தைகளுக்கு நடந்ததைச் சொன்னது. நவம்பர் மர்ஃபி அறிக்கை டப்ளின் ஆயர்கள் எதை மறைத்தார்கள் என்று சொன்னது. அதிலும் பில் மக்களுக்கே. 2002-ல் போட்ட இழப்பீட்டு ஒப்பந்தத்தில் துறவற சபைகளின் பங்கு 12.8 கோடி யூரோவோடு நிறுத்தப்பட்டிருந்தது, மிச்சம் அரசு. வங்கி ஜாமீனுக்கு அது ஒத்திகை என்றே நான் நினைப்பதுண்டு. இந்தச் சூழலில், அதே 2009-ல், தெய்வ நிந்தனைக்கு 25,000 யூரோ வரை அபராதம் என்று ஒரு சட்டம் வந்தது. அது அமலான 2010 ஜனவரி முதல் நாளே நாத்திகர் அமைப்பு ஒன்று ஏசுநாதரின் வாக்கிலிருந்து தொடங்கி 25 'நிந்தனை' மேற்கோள்களை வெளியிட்டு, பிடியுங்கள் பார்க்கலாம் என்றது. யாரும் பிடிக்கவில்லை. 2015 மேயில் ஒருபால் திருமணத்துக்கு 62 சதவீதம் ஆதரவு, 2018 மேயில் கருக்கலைப்புத் தடையை நீக்க 66, அதே ஆண்டு அக்டோபரில் தெய்வ நிந்தனையை அரசியலமைப்பிலிருந்து நீக்க ஏறக்குறைய 65. சிரிப்புக்கு ஆளான பிறகு பழைய பயத்தைத் திரும்பக் கொண்டுவர ஆயர்களால் முடியவில்லை. பயம்தான் அவர்கள் சொத்தாக இருந்தது.

பொருளாதாரத்தில் மக்கள் ஜெயித்த ஒரே பெரிய சண்டை தண்ணீர். வீட்டுக்கு மீட்டர் போட்டுக் கட்டணம் வசூலிக்க ஐரிஷ் வாட்டர் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். முதல் வருடமே ஆலோசகர்களுக்கு 5 கோடி யூரோ செலவு என்று அதன் தலைவர் வானொலியில் சொன்னதும் தீ பிடித்தது. போராடுகிறவர்கள் கையில் விலை உயர்ந்த போன் இருக்கிறதே என்று துணைப் பிரதமர் ஜோன் பர்ட்டன் அவையில் சொன்னது எண்ணெய் வார்த்தது. 2014 நவம்பரில் டப்ளினின் ஜாப்ஸ்டவுனில் அவர் காரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மறித்தார்கள். ஆள்தடுப்பு வழக்கில் நின்ற ஆறு பேர் 2017-ல் விடுதலையானார்கள். கிண்டல் இங்கேயும் ஏராளம், ஆனால் வேலை செய்தது கிண்டல் இல்லை. மீட்டர் பதிக்க வந்தவர்களைத் தெருக்காரர்கள் மறித்தார்கள், முதல் காலாண்டு பில்லைக் கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. 2016-ல் கட்டணம் நிறுத்தம், 2017-ல் கட்டியவர்களுக்குப் பணம் வாபஸ். பர்ட்டனின் தொழிலாளர் கட்சி 37 இடத்திலிருந்து ஏழுக்கு வந்தது.

இப்போது நாடு பணக்கார நாடு, காகிதத்திலாவது. 2015-ல் பொருளாதாரம் 26 சதவீதம் வளர்ந்ததாகப் புள்ளிவிவரத் துறை அறிவித்தபோது அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பால் குரூக்மன் அதைக் குட்டிச்சாத்தான் பொருளாதாரம் என்ற மாதிரி கிண்டல் செய்தார். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளை அயர்லாந்து முகவரிக்கு மாற்றியதால் வந்த எண் அது. ஆப்பிள் நிறுவனம் 1,300 கோடி யூரோ வரி பாக்கி தர வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2016-ல் சொன்னது. அந்தப் பணம் எங்களுக்கு வேண்டாம் என்று அயர்லாந்து அரசே வழக்காடியது! எட்டு வருடம் வழக்காடி 2024 செப்டம்பர் 10 அன்று தோற்று, பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. வீடில்லாமல் தற்காலிக விடுதிகளில் இருந்தவர்கள் 2025-ல் 15,000-க்கும் மேல். 2006-ல் வீடாகக் கட்டிக் குவித்த அதே நாட்டில்.

ஆனால் அந்தச் செப்டம்பரில் ஊர் முழுக்கப் பேசிச் சிரித்தது ஆப்பிளைப் பற்றி இல்லை, நாடாளுமன்ற வளாகத்தில் கட்டிய ஒரு சைக்கிள் கொட்டகையைப் பற்றி. 36 சைக்கிள் நிறுத்தலாம், செலவு 3,36,000 யூரோ, பக்கவாட்டில் அடைப்புக்கூட இல்லை. அதைப் பற்றிக் குட்டிப் படங்கள், பாட்டுகள், வானொலி நிகழ்ச்சிகள். நவம்பரில் தேர்தல் வந்தது. அதிக இடம் பிடித்த கட்சி ஃபியனா ஃபால், 48. 2025 ஜனவரியில் பிரதமரான மைக்கேல் மார்ட்டின், 2008-ல் அந்த ஜாமீன் இரவன்று கவன் அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சராக இருந்தவர்.